24 விளக்கும் 2 விளக்கும்: திருவேங்கடச் சாசனங்களில் ஒப்பந்தக் கண்காணிப்பு

திருமலை, திருப்பதிச் சாசனங்களைப் பொருளாதாரக் கண்ணால் படிக்கிற யாரும் பர்ட்டன் ஸ்டைனைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. 1958இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடும், இடைக்காலத் தென்னிந்தியக் கோயிலின் பொருளாதாரப் பணி பற்றி 1960இல் வெளியிட்ட கட்டுரையும் இன்றுவரை மேற்கோளாகி வருகின்றன. அவருடைய வாதம் எளியது, கவர்ச்சியானதும்கூட. அரசர்களும் அதிகாரிகளும் பெரும்பாலும் ஊர்களைக் கொடுத்தார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் பணம் கொடுத்தார்கள். கோயில் கருவூலமான ஸ்ரீபண்டாரத்தில் செலுத்திய அந்தப் பணத்தைக் கொண்டு, கோயிலுக்கு விடப்பட்ட திருவிடையாட்ட ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டி, கூடுதலாக விளைந்ததிலிருந்து கொடையாளர் பெயரில் பெருமாளுக்கு அமுதுபடி நடந்தது. ஆகவே கோயில் ஒரு முதலீட்டு நிறுவனம். வறண்ட நாட்டில் பாசனத்தை வளர்த்த நிறுவனம்.

சாசனங்கள் இதைச் சொல்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை சொல்வது எதிர்காலத்தைப் பற்றி. பணத்தைப் பெற்றுக்கொண்ட கோயில் நிர்வாகிகளான தானத்தார், இதை இன்ன வகையில் செலவிட்டு, இன்ன பொருளை, சந்திராதித்தர் உள்ளவரை நடத்துவோம் என்று கொடையாளருக்கு எழுதிக் கொடுத்த உடன்படிக்கை அது. கால்வாய் வெட்டப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது. இன்றைய அரசு அலுவலகத்தில் பணி ஆணை ஒன்று, அளவுப் புத்தகம் வேறொன்று. பணி ஆணையைக் காட்டி வேலை முடிந்துவிட்டது என்று யாரும் பில் போட முடியாது. ஸ்டைன் பணி ஆணைகளைக் கூட்டித் தொகை காட்டினார் என்பதே என் குறை. அந்தக் காலத்து அளவுப் புத்தகம் எங்கே, அதில் கையெழுத்திட்டவர் யார் என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை.

சாது சுப்பிரமணிய சாஸ்திரியும் வி. விஜயராகவாச்சாரியாரும் பதிப்பிக்க, 1930களில் தேவஸ்தானம் வெளியிட்ட சாசனத் தொகுதிகளைப் புரட்டுகிறவருக்கு ஒரு வேறுபாடு உடனே கண்ணில் படும். அமுதுபடி பற்றிய பகுதியில் துல்லியத்துக்குக் குறைவே இல்லை. அரிசி எவ்வளவு, நெய் எவ்வளவு, பயறு எவ்வளவு, மிளகு எவ்வளவு. எந்த அளவையால் அளப்பது என்பதுகூட உண்டு. பெருமாள் பெயராலேயே வழங்கிய மலைகினியநின்றான் கால் அந்த அளவை. கால்வாய் என்று வந்துவிட்டால் பெரும்பாலும் ஊர்ப் பெயரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நீளம் இல்லை, ஆழம் இல்லை, மதகு எத்தனை என்பதும் இல்லை. அந்த நூற்றாண்டுகளில் பாசன வேலையைவிடச் செலவு பிடித்த தொழில்நுட்பம் கோட்டையும் கோபுரமும் தவிர வேறென்ன இருந்தது? அதை வாங்குகிற ஒப்பந்தம், நெய்யை வாங்குகிற ஒப்பந்தத்தைவிடத் தளர்வாக எழுதப்பட்டிருக்கிறது.

அப்படி எழுதத் தெரியாத காலம் என்று சமாதானம் சொல்ல வழியில்லை. பக்கத்துக் கடப்பைச் சீமையில், போருமாமிள்ள ஏரியின் 1369ஆம் ஆண்டுச் சாசனம் இருக்கிறது. விஜயநகர அரசர் முதலாம் புக்கரின் மகன் பாஸ்கரன் கட்டிய ஏரி. நல்ல ஏரிக்கு வேண்டிய 12 அங்கங்கள், ஏரிக்கு ஆகாத 6 குற்றங்கள், கரையின் நீள அகல உயரம், நாளொன்றுக்கு 1000 ஆட்கள், கல்லுக்கு 100 வண்டிகள், 2 ஆண்டுகள் என்று அத்தனையும் கல்லில் ஏறியிருக்கின்றன. திருமலைக் கோயில் தன் பாசன முதலீட்டைப் பரவலாக எழுதத் தொடங்கியது இதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு.

கால்வாயின் கணக்கு ஓலையில் இருந்திருக்கும், கல்லில் கொடை மட்டுமே வரும் என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு. கோயில் கணக்கு திருநின்றவூருடையான் ஓலை வைத்திருக்கவில்லை என்று நானும் சொல்லவரவில்லை. ஆனால் நெய்யின் அளவு கல்லுக்கு வந்ததற்கும் கரையின் அளவு வராததற்கும் காரணம் இருக்க வேண்டும். கொடையாளர் எதைத் தட்டிக் கேட்க முடியுமோ அது கல்லுக்கு வந்தது என்று நினைக்கிறேன்.

இந்த நினைப்புக்கு என்னைக் கொண்டுவந்தது விஜயநகரச் சாசனம் அன்று. அதைவிட நான்கு நூற்றாண்டு முந்திய, முதலாம் ராஜேந்திர சோழனின் 7ஆம் ஆட்சியாண்டுச் சாசனம். திருமுண்டியம் என்ற ஊரின் சபையார் 23 பொன் பெற்றுக்கொண்டு, திருவேங்கடத்துப் பெருமாளுக்கு ஒரு கர்ப்பூர விளக்கு உட்பட 24 விளக்குகள் எரிக்க ஒப்புக்கொண்டிருந்தனர். சோழ அதிகாரி ஒருவன் வந்து விசாரித்தபோது எரிந்துகொண்டிருந்தவை 2. சபையைத் தண்டித்தானா என்பதைவிட, அவன் செய்த ஏற்பாடுதான் கவனத்துக்குரியது: பொறுப்பைச் சபையின் கையிலிருந்து எடுத்துக் கோயிலின் பக்கம் மாற்றி, விளக்குகள் குறைவின்றி எரிய வழி செய்தான்.

ஒப்பந்தக் கண்காணிப்பின் எல்லாப் பாகங்களும் இதில் இருக்கின்றன. முழுத் தொகையும் முன்பணமாகப் போய்விட்டது; பிடித்தம் எதுவும் வைக்கவில்லை. 24 என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய இலக்கு. எண்ணிப் பார்க்க வெளியிலிருந்து ஓர் ஆள் வந்தான். குறை தெரிந்ததும் வேலை கைமாறியது. அதிகாரி வந்திராவிட்டால் எத்தனை ஆண்டு 2 விளக்கே 24ஆகக் கணக்கில் எரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

ஆண்டைப் பற்றி ஒரு வார்த்தை. இதை 1019 என்று எழுதுவது வழக்கம். ராஜேந்திரன் இளவரசுப் பட்டம் பெற்ற 1012இலிருந்து எண்ணினால் அது சரி. 1014இலிருந்து எண்ணினால் ஓரிரு ஆண்டு தள்ளும். இன்னொரு சிக்கல் பெரியது. 13ஆம் நூற்றாண்டில், வீரநரசிங்க யாதவராயர் காலத்தில், திருப்புல்லாணி தாசர் வேண்டுகோளின்படி கோயில் புதுப்பிக்கப்பட்டபோது பழைய சாசனங்கள் புதுச்சுவரில் திரும்ப வெட்டப்பட்டன. சமவை என்ற பல்லவ அரசியின் வெள்ளித் திருமேனிக் கொடைக்கு 614 என்றும் 966 என்றும் இருவேறு ஆண்டுகள் வழங்குவதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். ராஜேந்திரன் சாசனமும் இப்படிப் படியெடுத்ததாக இருந்தால், எண்களில் பிழை புகுந்திருக்கலாம். ஆனால் அப்படியானால் என் வாதம் வலுக்கவே செய்கிறது. இரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்ட ஒரு தவறைப் புதுச்சுவரில் இடம் கொடுத்து மறுபடி வெட்டியவர்கள், அதை நடப்பில் உள்ள உரிமைச் சான்றாகவே கருதியிருக்க வேண்டும்: இந்தக் கடமை சபையிடமிருந்து கோயிலுக்கு வந்த கதை இது என்று.

ஆகவே விஜயநகர காலத்துக்கு வரும்போது கேள்வி மாறுகிறது. வெளியார் கையில் இருந்த வேலை கோயிலுக்குள் வந்துவிட்டது. கோயிலைக் கண்காணிப்பவர் யார்? அரச அதிகாரி என்று சொல்லத் தோன்றும். நான் விட்டவன் விழுக்காட்டைச் சொல்வேன். படைத்த அமுதில் நாலில் ஒரு பங்கு கொடையாளருக்கு. அதை அவர் தமக்குப் பிடித்தவர்களுக்கு ஒதுக்கவும் முடிந்தது. சாளுவ நரசிம்மர் தம் பங்கை, கந்தாடை ராமானுஜ ஐயங்காரின் பொறுப்பில் இருந்த ராமானுஜகூடத்துக்கு விட்டார். அங்கே பந்தியில் உட்காரும் ஸ்ரீவைஷ்ணவர்களுக்கு அளவு குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அதிகாரி எப்போதோ வந்து எண்ணியதை இவர்கள் தினமும் எண்ணினார்கள். ஆய்வாளர்கள் அப்பாதுரையும் பிரெக்கன்ரிட்ஜும் 1976இல் இந்தப் பங்கை மரியாதை என்ற கோணத்தில் விளக்கினார்கள். அதை மறுக்கவில்லை, தணிக்கையாகவும் அது வேலை செய்தது என்று சேர்க்கிறேன்.

இதன் விளைவு ஸ்டைனுக்குச் சாதகமில்லை. அமுதுபடி தவறாமல் நடந்தவரை, கால்வாய் வெட்டினார்களா, வேறு ஊரின் விளைச்சலை எடுத்துக் கொடுத்தார்களா என்று கேட்க யாருக்கும் அவசியமில்லை. பாசன முதலீடு அவர் கருதிய அளவுக்கு நடந்திருக்கலாம். அதைவிடக் கூடுதலாகவும் இருந்திருக்கலாம். ஆனால் உடன்படிக்கையை வைத்து அதை அளக்க முடியாது.

வேலையையே கண்காணிக்கும் ஏற்பாடு இந்த நாட்டில் வேறு வடிவில் இருந்தது. ஏரி கட்டியவருக்கோ காப்பவருக்கோ அதன் கீழ் நிலம் விடும் தசவந்தம் அது. கம்பெனியாரின் பதிவுகளில் தசபந்தம் இனாம். கரை உடைந்தால் இனாம்தாரர் வயலும் காயும் என்பதால் தனியாக மேற்பார்வை வேண்டியதில்லை. கோயில் பக்கத்தில், நிர்வாகத்தை மேற்பார்க்கும் ஏற்பாடு பிற்காலத்தில் வேறு வழியில் போனது: சித்தூரிலிருந்து வட ஆர்க்காட்டை ஆண்ட கலெக்டர் ஸ்ட்ராட்டனின் 1803ஆம் ஆண்டு அறிக்கை, 1821இல் கோயில் நிர்வாகத்துக்குப் புரூஸ் வகுத்த 42 விதிகள், 1843இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் நிர்வாக ஒப்படைப்பு, 1932ஆம் ஆண்டுத் தேவஸ்தானச் சட்டம்.

ஸ்டைன் சொன்னதா நான் சொல்வதா என்பதை மேலும் சாசனங்களைப் படித்துத் தீர்க்க முடியும் என்று தோன்றவில்லை. பொன்முகலி ஆற்றங்கரையோரம் சாசனத்தில் பெயர் வரும் திருவிடையாட்ட ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்து, அங்குள்ள கால்வாய்த் தலைப்புகளையும் பழைய மதகுகளையும் அளந்து, எந்த ஊரில் வெட்டிய தடம் உண்டு, எதில் இல்லை என்று பார்த்தாக வேண்டும்.