நியூட்டனும் பூனை ஓட்டையும்

பெரிய பூனைக்குப் பெரிய ஓட்டை, குட்டிக்குச் சின்ன ஓட்டை என்று நியூட்டன் கதவில் இரண்டு ஓட்டை போட்டாராம். பள்ளியில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் யார்? பூனைக் கதவைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்றும் சொல்வார்கள். கொஞ்சம் தேடிப் பார்த்தேன், கதை வேறு மாதிரி இருக்கிறது.

நியூட்டன் பிறந்தது 1642-ல். 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய 'காண்டர்பரி கதைகள்' நூலிலேயே, பூட்டிய அறைக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு வேலைக்காரன் பூனை நுழையும் ஓட்டை வழியாகத்தான் எட்டிப் பார்க்கிறான்!

இங்கிலாந்தின் எக்ஸிட்டர் பேராலயத்தில், பழைய கடிகாரத்துக்குக் கீழே உள்ள கதவில் ஒரு வட்ட ஓட்டை இன்றும் உண்டு. 1598-ல் பிஷப் காட்டன் தன் பூனைக்காகப் போடச் சொன்னது என்கிறார்கள். அதற்கும் முன்பே, எலி பிடிக்கும் பூனைக்கு வாரம் ஒரு பென்னி என்று 14, 15-ஆம் நூற்றாண்டுக் கணக்குகளில் செலவு எழுதியிருக்கிறார்கள்.

நியூட்டனிடம் சுமார் ஐந்து ஆண்டுகள் உதவியாளராக இருந்த ஹம்ப்ரி நியூட்டனோ, அவர் அறையில் நாயும் இல்லை, பூனையும் இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார். இரண்டு ஓட்டைக் கதை 1827-ல் வந்த ஒரு கேம்பிரிட்ஜ் நினைவு நூலில் இருக்கிறது. அப்போது நியூட்டன் இறந்து 100 ஆண்டு ஆகியிருந்தது.

முதல் ஓட்டையைப் போட்டது எலித் தொல்லை தாங்காத யாரோ ஒருவராக இருக்கும். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. அதனால், பெயர் தெரிந்த ஒருவர் தலையில் கட்டிவிட்டோம்.