நெசவில் இஸ்லாமிய எழுத்தணி

துணியில் அரபு எழுத்துகளை நெய்தும், பூத்தையலாக இட்டும், மையால் எழுதியும் அணிசெய்யும் கலை. அரபு எழுத்து நாணல் பேனாவில் வளர்ந்தது. வளைவே அதன் அழகு. தறியிலோ பாவு நெடுக்காகவும் ஊடை குறுக்காகவும் மட்டுமே ஓடும். பேனாவின் வளைவைத் தறி எப்படி ஏற்றது என்பதே இக்கலையின் வரலாற்றில் பெரும்பகுதி.

திராஸ்

பூத்தையலைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர். உமையாக்கள், அப்பாஸியர், ஃபாத்திமியர் ஆட்சிகளில் ஆடையின் விளிம்பிலும் கைப்பகுதியிலும் எழுத்துப் பட்டை இட்டனர். கலீஃபாவின் பெயர், வாழ்த்து, நெய்த ஊர், ஆண்டு ஆகியவை அதில் இருக்கும். அரசர் அளிக்கும் இவ்வாடை மரியாதைச் சின்னமாகக் கருதப்பட்டது. நாணயத்தில் பெயர் பொறிப்பதைப் போலவே துணியில் பெயர் இடுவதும் ஆட்சியுரிமையின் அடையாளம். இப்னு கல்தூன் தமது ‘முகத்திமா’வில் இதற்குத் தனிப்பகுதி ஒதுக்கியுள்ளார். தொடக்கக்கால திராஸ்களில் கோணங்கள் மிகுந்த கூஃபி எழுத்தே அதிகம். நேர்கோடுகளால் ஆன அது தறிக்கு எளிதாக இணங்கியது.

எழுதிய சட்டைகள்

இந்தியாவில் 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் பருத்திச் சட்டைகளில் மையாலும் பொன்னாலும் திருக்குர்ஆனை எழுதினர். இவை அணிந்தவரைக் காக்கும் என்பது நம்பிக்கை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள சட்டை ஒன்றில் முழுக் குர்ஆனும் சிறு கட்டங்களுக்குள் அடங்கியிருக்கிறது. இறைவனின் 99 திருப்பெயர்கள் ஓரத்தில் பொன்னெழுத்தில் உள்ளன.

கிஸ்வா

மக்காவில் கஅபாவுக்குப் போர்த்தும் கருப்புப் பட்டு. நெடுங்காலம் எகிப்திலிருந்து வந்தது. 1927-இல் மக்காவிலேயே தொழிற்கூடம் அமைந்தபோது இந்திய நெசவாளர்கள் அங்கே பணிபுரிந்தனர். கிஸ்வாவில் எழுத்து இருவகையாக அமைகிறது. கருப்புப் பட்டின் உடலிலேயே இஸ்லாமிய உறுதிமொழியான கலிமா ஜக்கார்டு தறியில் நெய்யப்படுகிறது. ஒளி படும்போதுதான் எழுத்து தெரியும். மேலே சுற்றிவரும் பட்டையில், பஞ்சு நூலை அடியில் வைத்து மேடாக்கி, அதன்மேல் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கம்பியால் துலுத் என்னும் வளைவெழுத்தைத் தைக்கிறார்கள். ஊசிக்குக் கட்டம் இல்லாததால் துலுத்தின் வளைவுகள் தடையின்றி வருகின்றன.

தமிழகத்தில்

தர்காக்களில் அடக்கத்தலத்தின்மேல் போர்த்தும் போர்வைகளில் மறைவசனங்கள் ஜரிகையால் இடப்படுவதுண்டு. காலடியில் படும் துணியிலும் பாயிலும் மறைவசனம் இடுவதைத் தவிர்ப்பது மரபு. தொழுகை விரிப்புகளில் பெரும்பாலும் வளைவு, மினாரா போன்ற வடிவங்களே காணப்படும்.

திருநெல்வேலி மாவட்டம் பத்தமடையில் லெப்பை முஸ்லிம்கள் பருத்தி நூலைப் பாவாகவும் கோரையை ஊடையாகவும் கொண்டு பாய் நெய்கிறார்கள். ஓடும் நீரில் ஊறவைத்த கோரையை மெல்லிதாகக் கிழித்து நெய்வதால், பட்டுபோல மடியும் நயப் பாய் கிடைக்கிறது. கல்யாணப் பாயில் மறைவசனத்துக்குப் பதிலாக மணமக்கள் பெயரும் திருமணத் தேதியும் இடம்பெறுவதுண்டு.

காஞ்சிபுரம் வட்டாரம்

கல்லில் உளி நினைத்தபடி வளையும். காஞ்சிபுரத்தின் பட்டுத்தறியில் அது நடக்காது. உருவம் எதுவானாலும் முதலில் கட்டத்தாளில் கட்டம் கட்டமாகப் பிரிகிறது. பின் ஜக்கார்டு தறியின் அட்டையில் துளையாகிறது. துளைக்கேற்பப் பாவு இழை எழும்ப, அடியில் ஜரிகை ஊடுகிறது. முன்பு இதே வேலையை ‘அடை’ முறையில் உதவியாளர் நூலை இழுத்துச் செய்தார். கட்டம் நுணுக்கமாக ஆக ஆக, படிக்கட்டுப்போல் தெரியும் விளிம்பு கண்ணுக்கு வளைவாகத் தோன்றும். கிஸ்வாவின் கருப்புப் பட்டில் கலிமா அமைவதும் இதே கணக்கில்தான்.