புகார்ப் பதிவின் ஆயுள்: பழைய வாடிக்கையாளர் சேவைத் தரவை நிலையாக அழிப்பது குறித்து

கோபன்ஹேகனில் இயங்கும் டாக்ஸா 4×35 என்ற டாக்சி நிறுவனத்தை டென்மார்க்கின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 அக்டோபரில் ஆய்வு செய்தது. பழைய வாடிக்கையாளர் விவரங்களை அழிக்க அந்நிறுவனத்தில் விதி இருந்தது; அதன்படி வேலையும் நடந்தது. பயணம் முடிந்து இரண்டு ஆண்டானதும் பயணியின் பெயர் நீக்கப்பட்டது. தொலைபேசி எண் மட்டும் மேலும் மூன்று ஆண்டுகள் அப்படியே கிடந்தது; ஏறிய இடமும் இறங்கிய இடமும் அதனுடன் கிடந்தன. இவ்வாறு 88 லட்சத்துக்கும் மேற்பட்ட பயணப் பதிவுகள். நிறுவனம் சொன்ன காரணம் எளிமையானது: தரவுத்தளத்தில் தொலைபேசி எண்தான் கீ, அதாவது பதிவை அடையாளம் காட்டும் புலம். அதை எடுத்துவிட்டால் மற்ற விவரங்களை ஒன்றோடொன்று சேர்க்க முடியாது. ஆணையம் இதை ஏற்கவில்லை. சட்டம் அனுமதிப்பதைவிட நீண்ட காலத்துக்குத் தரவை வைத்திருக்க மென்பொருளின் அமைப்பைச் சாக்காகச் சொல்ல முடியாது என்று கூறி, 2019 மார்ச்சில் 12 லட்சம் குரோனர் அபராதத்துக்குப் பரிந்துரைத்தது.

ஆணையத்தின் முடிவு சரியே. ஆனால் நிறுவனம் சொன்னதும் பொய்யல்ல. தொலைபேசி எண்ணை அழிக்க முடியாது என்பது 2018-இல் எடுத்த முடிவன்று. அட்டவணையை முதலில் வரைந்தவர் பயணியை அடையாளம் காண எந்தப் புலத்தைத் தேர்ந்தாரோ, அன்றே அது முடிவாகிவிட்டது. பழைய சேவைப் பதிவுகளை அழிப்பதை நம் நிறுவனங்கள் துப்புரவு வேலையாகவே பார்க்கின்றன. வட்டு நிறைந்தால், தேடல் மெதுவானால், தணிக்கைக்கு ஆள் வருகிறார் என்றால் நினைவுக்கு வருகிற வேலை. ஒரு தேதியைக் குறித்து, அதற்கு முந்தைய பதிவுகளை முழுசாக நீக்குவதே வழக்கம். முழுப் பதிவை ஒரே அலகாகக் கொள்வதே தவறு என்பது இக்கட்டுரையின் வாதம். ஒரு புகார்ப் பதிவுக்கு ஒரே ஆயுள் இல்லை.

வாஷிங் மெஷின் பழுது பற்றிய ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம். அதில் வாங்கியவரின் பெயர், முகவரி, கைபேசி எண் இருக்கும். இயந்திரத்தின் மாடலும் வரிசை எண்ணும், பழுதின் வகை, மாற்றிய உதிரிப்பாகம், மெக்கானிக் வந்த நாள், வசூலித்த தொகை இருக்கும். அழைப்பின் ஒலிப்பதிவு ஒரு கோப்பாக வேறோர் இடத்தில் கிடக்கும். இவற்றுடன் சேவை ஊழியர் தம் போக்கில் தட்டச்சிட்ட குறிப்பு ஒன்றும் இருக்கும்: ‘வயதானவர், தனியாக இருக்கிறார், மாலை 6 மணிக்கு மேல் வரவும், சாவி பக்கத்து வீட்டில்.’ மெக்கானிக் வீட்டுக்குப் போகும் நாள் வரை அந்தக் குறிப்பு தேவை. மறுநாள் முதல் அது ஆபத்து. தொகை கணக்குக்காகப் பல ஆண்டுகள் இருந்தாக வேண்டும். பழுதின் வகையும் உதிரிப்பாகமும் அந்த மாடல் சந்தையில் ஓடும் வரை பொறியாளருக்கு வேண்டும். இத்தனை ஆயுள்களையும் ஒரே வரிசையில் அடைத்து, மூன்றாம் ஆண்டு முடிவில் மொத்தமாகத் துடைப்பதால், முதல் வாரத்திலேயே போயிருக்க வேண்டியது மூன்று ஆண்டு இருக்கிறது. பத்து ஆண்டு இருக்க வேண்டியது மூன்றில் போகிறது.

துடைத்தால் போய்விடுகிறதா என்பது அடுத்த கேள்வி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு வரிசையை நீக்கச் சொன்னால், அது அந்த வரிசையின் மேல் ‘இந்தப் பரிவர்த்தனைக்குப் பின் இது தெரிய வேண்டாம்’ என்று குறிப்பதோடு நிறுத்திக்கொள்கிறது. வேக்யூம் என்ற வேலை பின்னர் ஓடும்போதுதான் அந்த இடம் மறுபயன்பாட்டுக்கு விடப்படுகிறது. அப்போதும் பழைய எழுத்துகள் மேல் புதியவை எழுதப்படும் வரை வட்டில் இருக்கக்கூடும். கசாண்ட்ரா என்ற தரவுத்தளத்தில் நீக்கம் என்பதே ஒரு கல்லறைக் குறியை எழுதுவதுதான். அந்தக் குறி இயல்பு அமைப்பின்படி 10 நாள் நிற்கும். குழுமத்தில் ஒரு கணினி அதற்கும் மேலாகச் செயலற்றுக் கிடந்து, சரிபார்க்கப்படாமல் திரும்பிச் சேர்ந்தால், அழிக்கப்பட்ட பதிவு உயிர்த்தெழுந்துவிடும். சேவை மேசை மென்பொருள்களில் இதற்கு மேலும் ஓர் அடுக்கு உண்டு. திரையில் நீக்கு என்பதை அழுத்தினால் பதிவு குப்பைத்தொட்டிக்குப் போகிறது. சேல்ஸ்ஃபோர்ஸில் பொதுவாக 15 நாள் அங்கே இருக்கும். பல நிறுவனங்கள் தாமே எழுதிக்கொண்ட மென்பொருள்களில் தொட்டிகூடக் கிடையாது. ‘நீக்கப்பட்டது’ என்ற புலத்தில் ஆம் என்று குறித்துவிட்டு, பதிவை என்றென்றைக்கும் வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளருக்கு ‘உங்கள் விவரங்களை அழித்துவிட்டோம்’ என்று மின்னஞ்சல் மட்டும் போகும்.

இவை எல்லாம் தீர்ந்தாலும் பேக்கப் இருக்கிறது. அழிப்பை இரவோடு இரவாகச் செய்துவிடலாம். சென்ற மாத பேக்கப்பில் அந்தப் பதிவு பத்திரமாக இருக்கும். தரவுத்தளம் பழுதாகி அந்த பேக்கப்பை மீட்டெடுத்தால், அழித்தவை அனைத்தும் திரும்பும். ஆகவே ஒவ்வொரு மீட்புக்குப் பின்னும் அழிப்புகளை மறுபடி ஓட்ட வேண்டும். அதற்கு யார் யாரை அழித்தோம் என்ற பட்டியல் தேவை. மறப்பதற்காக நினைவில் வைத்திருக்கும் இந்தப் பட்டியலைப் பொருளற்ற உள் எண்களால் மட்டும் அமைக்க முடியும், ஆளைக் குறிக்கும் கீ அத்தகைய எண்ணாக இருந்தால். டாக்ஸா 4×35-இல் இருந்ததுபோல் கைபேசி எண்ணே கீயாக இருந்தால், அழித்தோர் பட்டியலே அழிக்க வேண்டிய தரவாகிவிடும். ஒவ்வொரு வாடிக்கையாளரின் விவரத்தையும் தனிச் சாவியால் மறையாக்கம் செய்து, அழிக்கும் நாளில் சாவியை மட்டும் ஒழிப்பது இன்னொரு வழி. பேக்கப்புகளில் உள்ள பிரதிகளும் அதனால் படிக்க முடியாதவை ஆகின்றன. இதற்கும் தரவைச் சேர்க்கத் தொடங்கும் முன்பே முடிவெடுத்திருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தபின் எழுந்த முதல் வழக்குகளில் சில, அழிப்பை முன்கூட்டியே திட்டமிடாத இந்தக் குறையைச் சுற்றியே நிகழ்ந்தன. டென்மார்க்கில் ஐடிடிசைன் என்ற அறைகலன் நிறுவனத்தின் சில கடைகளில் பழைய மென்பொருள் ஒன்று கிடந்தது. புதியது வந்தபின்னும் பழையதில் ஏறத்தாழ 3,85,000 வாடிக்கையாளர்களின் விவரங்கள் அழிக்கப்படாமல் இருந்தன. பெர்லினில் வீட்டுவாடகை நிறுவனமான டாய்ச்சே வோனன் குடியிருப்போரின் சம்பளச் சான்று, வங்கி அறிக்கை போன்றவற்றை வைத்திருந்த ஆவணக் காப்பு மென்பொருளில் அழிக்கும் வசதியே இல்லை. 2019 அக்டோபரில் 1.45 கோடி யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு பின்னர் லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் வரை போய், நிறுவனத்தின் பொறுப்பு எத்தகையது என்ற வேறொரு கேள்வியாக மாறியது. நமக்கு முக்கியமானது முதல் உண்மைதான். அந்த மென்பொருளில் சேர்ப்பதற்குப் பொத்தான் இருந்தது, அழிப்பதற்கு இல்லை. சென்னையில் 2010-இல் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் நிறுவனமான ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கியது முதல் இந்த ஊரும் உலகின் புகார்ப் பதிவுகளுக்குப் பெட்டி செய்துதரும் ஊராகிவிட்டது. ஆகவே இயல்பு அமைப்பில் எத்தனை நாள் என்று குறிப்பது யாருடைய கை என்ற கேள்வி நமக்கு மிகவும் நெருக்கமானது. சட்டப்படி பொறுப்பு, மென்பொருளை வாங்கிய நிறுவனத்துக்கு. நடைமுறையில் இயல்பு அமைப்பை மாற்றுவோர் குறைவு.

அப்படியானால் எல்லாவற்றையும் விரைவில் அழித்துவிடலாமே என்றால், ஃபயர்ஸ்டோன் டயர்களின் கதை தடுக்கிறது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்ட டயர்களின் மேற்பட்டை ஓடும்போதே பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்தன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த முடிவுக்கு வழிகாட்டியவற்றுள் முக்கியமானது ஃபயர்ஸ்டோனிடம் சேர்ந்துகிடந்த இழப்பீட்டுக் கோரிக்கைப் பதிவுகள். அவை தனித்தனியே வந்தவை. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதுதான் இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் ஆலையில் செய்த டயர்கள் தனித்துத் தெரிந்தன. அவ்வாண்டிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றி, வாகன நிறுவனங்கள் புகார், உத்தரவாதத் தரவுகளை அரசுக்கு முன்கூட்டியே அறிவிக்கும் கடமையை விதித்தது.

இதை ‘எதையும் அழிக்காதே’ என்ற வாதத்துக்குத் துணையாகக் கொள்வோர் உண்டு. நான் அதை எதிர்த்திசையில் வாசிக்கிறேன். டிகேட்டர் ஆலையைக் காட்டிக்கொடுக்க உதவியவை டயரின் அளவு, ஆலை, தயாரித்த காலம், சேதத்தின் தன்மை. கோரிக்கை வைத்தவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதற்குத் தேவைப்படவில்லை. நெடுநாள் வாழ வேண்டிய பகுதியும் சீக்கிரம் சாக வேண்டிய பகுதியும் வேறுவேறு புலங்கள். தனித்தனி அட்டவணைகளில் இருந்தால் இரண்டையும் அதனதன் காலத்தில் விடலாம். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். மாதத்துக்கு இத்தனை புகார் என்ற கூட்டுத்தொகையை வைத்துக்கொண்டு மூலத்தை அழிப்பது போதாது, ஏனெனில் நாளை எந்தக் கேள்வி எழும் என்று தெரியாமலே எதை எண்ணுவது என்று இன்று முடிவுசெய்துவிடுகிறோம். இரண்டாவது, வரிசை எண் அப்பாவியாகத் தெரிந்தாலும், விற்பனை அட்டவணையில் அதே எண்ணுக்கு எதிரே வாங்கியவர் பெயர் இருக்கும் வரை பெயர் அழிந்ததாக ஆகாது. வெட்ட வேண்டிய கயிறு அங்கே இருக்கிறது.

ஊழியரின் குறிப்புப் பெட்டி எந்தப் பிரிப்புக்கும் அடங்காது. நோய், கடன், குடும்பத் தகராறு எல்லாம் அதில் வந்து விழும். வங்கி அட்டையின் பின்புறம் உள்ள ரகசிய எண்ணைப் பரிவர்த்தனைக்குப் பின் மறையாக்கம் செய்துகூட வைத்திருக்கக் கூடாது என்று அட்டைத் துறையின் பாதுகாப்புத் தரம் தடுக்கிறது; அதனால்தான் பல அழைப்பு மையங்கள் அந்த எண்ணைச் சொல்லும் நேரத்தில் ஒலிப்பதிவை நிறுத்திவைக்கின்றன. குறிப்புப் பெட்டிக்கு அப்படியொரு தடுப்பு இல்லை. பெட்டிக்குத் தனியே மிகக் குறுகிய ஆயுளை விதிப்பதே நடைமுறைக்கு ஒத்தது. சேவைத் துறையினர் இதை விரும்ப மாட்டார்கள். பழைய வாடிக்கையாளர் மீண்டும் அழைக்கும்போது முன்கதை தெரிய வேண்டும் என்பார்கள். நியாயமான கவலைதான்; அதற்குப் புகாரின் சுருக்கம் போதும், பக்கத்து வீட்டுச் சாவி வேண்டாம்.

இதுவரை நிறுவனத்தின் தேவையையும் வாடிக்கையாளரின் அந்தரங்கத்தையும் இரு தட்டில் வைத்தே பேசினோம். மூன்றாவது நலன் ஒன்று விடுபட்டுவிடுகிறது: அந்தப் பதிவு வாடிக்கையாளருக்கே சான்று. எத்தனை முறை புகார் செய்தார், என்றைக்கு என்ன வாக்குறுதி கிடைத்தது என்பது பெரும்பாலும் எதிர்த்தரப்பின் தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கிறது. இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 69-ஆம் பிரிவு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு தருகிறது; தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தைப் பொறுக்கவும் நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஐரோப்பிய ஒழுங்குவிதியின் 18-ஆம் பிரிவு இந்த நலனைக் கணக்கில் எடுத்திருக்கிறது: நிறுவனத்துக்குத் தேவை தீர்ந்தாலும், தன் சட்டக் கோரிக்கைக்கு அத்தரவு வேண்டும் என்று உரியவர் சொன்னால், அதை அழிக்காமல் வேறு பயனுக்கும் எடுக்காமல் ஒதுக்கிவைக்க வேண்டும்.

இந்தியாவின் 2023 எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அழிக்கக் கோரும் உரிமை உண்டு. இப்படி ஒதுக்கிவைக்கக் கோரும் உரிமை இல்லை. 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட விதிகள், 2 கோடிக்குக் குறையாத பயனர்கள் கொண்ட இணைய வணிக நிறுவனங்களுக்கு, பயனர் கடைசியாக அணுகியதிலிருந்து மூன்று ஆண்டு என்று வரையறுத்து, அழிக்க 48 மணி நேரத்துக்கு முன் அறிவிக்கச் சொல்கின்றன. அவ்வளவு பயனர் இல்லாத நிறுவனங்களுக்கு நோக்கம் முடிந்தால் அழி என்ற பொதுக் கடமை மட்டுமே. ஓராண்டாவது பதிவுகளை வைத்திருக்க வேண்டும் என்ற கீழெல்லையும் உண்டு. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம் என்று ஒரு சட்டம் சொல்ல, புகார் தீர்ந்ததாகக் குறித்து ஓராண்டில் பதிவை அழித்துவிட்டு ‘நோக்கம் முடிந்தது’ என்று நிறுவனம் வாதாட இன்னொரு சட்டம் இடம் தருகிறது. இக்கடமைகள் முழுமையாக நடைமுறைக்கு வர, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அதற்குள் இரண்டு திருத்தங்கள் போதும்: ஐரோப்பிய 18-ஆம் பிரிவை ஒத்த ஒதுக்கிவைக்கும் உரிமை; அளவு பாராமல் எல்லா நிறுவனமும் அழிப்புக்கு முன் அனுப்பும் அறிவிப்புடன் புகாரின் பிரதியை, நாள்கள், வாக்குறுதிகள் உட்பட, வாடிக்கையாளருக்கே அனுப்பிவிட வேண்டும் என்ற விதி. 48 மணி நேரம் இதற்குக் காணாது. 30 நாளாவது வேண்டும்.