பனியாற்று ஏரியும் இருப்புப் பாதையும்

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்கக் கூடத்தில், கனடாவிலுள்ள மகனைக் கண்டு திரும்பிய அன்பர் ஒருவர் தாம் எடுத்து வந்த படங்களைத் திரையிட்டுக் காட்டியது நம் குடியிருப்பினர் பலருக்கும் நினைவிருக்கும். பான்ஃப் தேசியப் பூங்காவிலுள்ள லூயீஸ் ஏரியின் படம் வந்தபோது கூடம் சற்றே பேச்சற்று இருந்தது. மரகதத்தை உருக்கி வார்த்தாற் போன்ற நீர். அதன் தலைமாட்டில் வெண்பனி போர்த்திய விக்டோரியா மலை. "தண்ணியிலே சாயம் கலந்திருக்காங்களா?" என்று ஒரு சிறுவன் கேட்டான். முன்வரிசையில் இருந்த மூதாட்டியார் ஒருவரோ, "இந்த ஏரியை வெட்டினவர் யாரப்பா?" என்றார். ஏரி என்று ஒன்று இருந்தால் அதனை வெட்டுவித்த மன்னனோ ஊராரோ இருந்தே ஆகவேண்டும் என்பது நம் நாட்டு வழக்கு. கூடத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. இருபது ஆண்டுகளாக ரயில்வே அலுவலகத்தில் தொழிலாளர் வருகைப் பதிவேடு எழுதி வருபவன் நான். எந்த வேலையைக் கண்டாலும் செய்தவர் பெயர் என்ன என்று கேட்பது எனக்குப் பழகிப்போன ஒன்று.

ஏரியை வெட்டியது பனியாறு. மலையுச்சியில் ஆண்டாண்டாகப் பெய்த பனி இறுகிக் கட்டியாகி, தன் பாரத்தாலேயே மெல்ல நகர்ந்து கீழிறங்கும். இறங்கும்போது பாறையைக் குடைந்து பள்ளமாக்கும். பெயர்த்த கல்லையும் மண்ணையும் முகப்பில் கரைபோலக் குவித்துவிடும். பனி பின்வாங்கிய பின்னர் அக்கரைக்கு உள்ளே தேங்கியதே லூயீஸ் ஏரி. இன்றும் மேலேயுள்ள விக்டோரியாப் பனியாறு பாறையை அரைத்தவண்ணமே இருக்கிறது. நம் வீட்டு ஆட்டுக்கல்லில் அரைபடும் மாவினும் மெல்லிய அத்துகள் எளிதில் அடியிற் படியாது. நீரில் மிதந்து நின்று, கதிரொளியின் நீலத்தையும் பச்சையையும் நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆகவே சாயம் என்று சிறுவன் சொன்னது முற்றிலும் பிழையன்று. கோடையில் பனி உருகும்போதுதான் இந்நிறம் முழுமையாக விளங்கும். குளிர்காலத்தில் ஏரி முழுதும் உறைந்து கிடக்கும்.

இனி மனிதர் கதைக்கு வருவோம். அது இருப்புப் பாதையிலிருந்து தொடங்குகிறது.

கனடாவைக் குறுக்கே கடக்கும் கனடியப் பசிபிக் இருப்புப் பாதைக்காக 1882இல் மலைகளில் நில அளவை நடந்து கொண்டிருந்தது. அளவைக் குழுவினருக்குக் குதிரைகளில் பண்டம் சுமந்து சென்றவர் டாம் வில்சன் என்னும் இளைஞர். ஒருநாள் இடிமுழக்கம் போன்ற ஓசை கேட்டு, அருகில் கூடாரமிட்டிருந்த ஸ்டோனி நக்கோடா இனத்தாரை வினவினார். மலையிலிருந்து பனி சரியும் ஓசை அது என்றும், அம்மலையடியில் சிறுமீன்களின் ஏரி உள்ளது என்றும் அவர்கள் கூறினர். அவர்களுள் ஒருவர் வில்சனை அழைத்துச் சென்று ஏரியைக் காட்டினார். வில்சன் அதற்கு மரகத ஏரி என்று பெயரிட்டார். 1884இல் விக்டோரியா அரசியாரின் மகள் லூயீஸ் இளவரசியின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது. ஏரியைக் "கண்டுபிடித்தவர்" என வில்சனைப் பலரும் எழுதியிருக்கின்றனர். வழி காட்டியவரோ அவர்கள் எழுத்தில் பெரும்பாலும் "ஸ்டோனி வழிகாட்டி" என்ற அளவிலேயே நின்றுவிட்டார். தலைமுறை தலைமுறையாக மீன் பெயரால் வழங்கிய ஏரியை மற்றொருவர் எங்ஙனம் கண்டுபிடிக்க இயலும்?

1883இல் இருப்புப் பாதைத் தொழிலாளர் மூவர் பான்ஃப் அருகே ஒரு குகையுள் வெந்நீர் ஊற்றைக் கண்டு உரிமை கோரினர். பிறரும் போட்டிக்கு வந்தனர். வழக்கு முற்றவே, அரசே இடத்தைத் தன்வசப்படுத்தியது. இருப்புப் பாதையின் கடைசி ஆணி அடிக்கப்பெற்றது 1885 நவம்பர் 7ஆம் நாள். ஊற்றைச் சுற்றிய 26 சதுர கிலோமீட்டர் நிலம் ஒதுக்கப்பெற்றது அதே மாதம் 25ஆம் நாள். இடைவெளி பதினெட்டே நாட்கள்! 1887இல் அது சட்டத்தால் விரிவடைந்து கனடாவின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. இதில் கம்பெனிக்கு இருந்த அக்கறை வெளிப்படை. ஆளில்லா மலைநாட்டில் பாதை போட்டவர்களுக்குப் பயணிகள் வேண்டுமல்லவா? மலைக்காட்சியை வண்டியிலேற்றி வெளியே அனுப்ப முடியாது. ஆகவே மக்களை உள்ளே கொணர வேண்டும் என்பதே கம்பெனித் தலைவர் வான் ஹார்ன் கொண்ட கொள்கை. 1888இல் பான்ஃபிலும், 1890இல் லூயீஸ் ஏரிக்கரையிலும் கம்பெனியின் விடுதிகள் எழுந்தன.

ரயில்வேக் குடும்பத்தினர்க்காக ஒரு செய்தியை இடையே சொல்லிவிடுகிறேன். லூயீஸ் ஏரிக்கு மேற்கே கிக்கிங் ஹார்ஸ் கணவாயில் முதலில் இட்ட பாதையின் சரிவு 22 அடிக்கு 1 அடி. நம் போர்காட் மலைப்பாதையே 37க்கு 1 தான். 1884இல் அங்கே இறங்கிய முதல் வண்டியே கட்டுக்கடங்காமல் ஓடி மூன்று தொழிலாளர்களைப் பலிகொண்டது. தற்காலிகம் என்று இட்ட அப்பாதை கால் நூற்றாண்டு நீடித்தது. 1909இல் மலைக்குள் வளைந்து சுழலும் இரு சுரங்கங்கள் அமைத்த பின்னரே சரிவு பாதியாகக் குறைந்தது.

பூங்கா வளர, வேட்டை அங்கே தடை செய்யப்பட்டது. விலங்கினங்களைக் காக்க வேட்டைத் தடை வேண்டியதே. ஆனால் வேட்டையே வாழ்வாகக் கொண்ட ஸ்டோனி மக்கள் தம் மலையிலேயே அயலாராயினர். 1877இல் செய்த உடன்படிக்கையின்படி கிழக்கே மார்லியில் அவர்கட்கு நிலம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆண்டுதோறும் சில நாட்கள் மட்டும் பான்ஃபுக்கு அழைக்கப்பெற்று, மரபுடை அணிந்து பயணிகள் முன் ஆடினர். 1978 வரை இவ்விழா நடந்தது. விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்ட வீட்டுக்காரரையே அழைத்த விழா அது!

முதல் உலகப் போரின்போது நிகழ்ந்தது இதனினும் கொடிது. ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் குடிகளாய்ப் பிறந்து கனடாவில் பிழைக்க வந்தவர்கள், பெரும்பாலும் உக்ரைனியர், பகைநாட்டார் எனச் சிறைப்பிடிக்கப்பட்டனர். 1915 முதல் 1917 வரை 600க்கு மேற்பட்டோர் காசில் மலையடியில் முள்வேலிக்குள் வைக்கப்பட்டு, லூயீஸ் ஏரி நோக்கிய சாலையை அமைத்தனர். நாட்கூலி 25 சென்ட். குளிர்காலத்தில் அவர்களை அடைத்து வைத்த இடம், பூங்காவுக்கே வித்தான அந்த வெந்நீர்க் குகையின் அருகில்! அயலூரில் பிழைக்க வந்து குடியிருப்பில் வாழும் நாம் இதனை எளிதாகக் கடந்துவிட முடியவில்லை.

1995இல் காசில் மலையடியில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. 2013இல் குகையருகே இவ்வரலாற்றைக் கூறும் கண்காட்சியும் திறக்கப்பெற்றது.

படங்காட்டிய அன்பரிடம், "குகைப் பக்கம் போனீர்களா?" என்று பின்னர் வினவினேன். நேரம் போதவில்லை, நேரே ஏரிக்கே சென்றுவிட்டோம் என்றார். வரும் கோடையில் மீண்டும் செல்கிறாராம். நினைவுச்சின்னத்தையும் கண்காட்சியையும் படமெடுத்து வர ஒப்புக்கொண்டிருக்கிறார். மூதாட்டியாருக்கு முன்வரிசையில் இடம் போட்டு வைப்பது என் பொறுப்பு.