குழந்தைகளுக்கான புளோரைடு பற்பசை

குழந்தைகளுக்கான புளோரைடு பற்பசை என்பது பற்சொத்தையைத் தடுக்கும் பொருட்டுப் புளோரைடுச் சேர்மம் கலந்து, சிறுவர் பயன்பாட்டுக்கென உருவாக்கப்படும் பற்பசை ஆகும். புளோரைடு பெரும்பாலும் பல்லின் மேற்பரப்பில் செயல்பட்டே பயனளிக்கிறது. ஆனால் சிறு குழந்தைகள் துப்பத் தெரியாமல் பற்பசையின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றனர். அவ்வாறு உட்செல்லும் புளோரைடு மிகுந்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பற்களின் பற்சிப்பி (எனாமல்) பாதிக்கப்படும். இது பற்புளோரோசிஸ் எனப்படும். பெரும்பாலும் இது வெண்ணிறத் திட்டுகளாகவும், கடுமையான நிலையில் பழுப்புக் கறைகளாகவும் குழிகளாகவும் தோன்றும்.

சேர்மங்களும் தேய்ப்புப் பொருள்களும்

சோடியம் புளோரைடு நீரில் கரைந்து புளோரைடு அயனியை உடனே வெளிவிடும். கால்சியம் கார்பனேட்டு தேய்ப்புப் பொருளாக உள்ள பற்பசையில் இதனைச் சேர்த்தால், எளிதில் கரையாத கால்சியம் புளோரைடு உருவாகிப் பயன் குறையும். எனவே இது சிலிக்காவுடன் சேர்க்கப்படுகிறது. கால்சியம் கார்பனேட்டுப் பற்பசைகளில் சோடியம் மோனோபுளோரோபாசுபேட்டு பயன்படுகிறது. இதிலுள்ள புளோரைடை வாயிலுள்ள நொதிகள் விடுவிக்கின்றன. ஆகவே இரு பற்பசைகளில் மொத்தப் புளோரைடு சமமாக இருந்தாலும், கரையும் புளோரைடு வேறுபடலாம். இனிப்பும் பழச்சுவையும் விழுங்கும் விருப்பத்தைத் தூண்டக்கூடும்.

உட்செல்லும் அளவு

பத்து இலட்சத்தில் 1000 பங்கு புளோரைடு கொண்ட பற்பசையின் 1 கிராமில் 1 மில்லிகிராம் புளோரைடு உண்டு. முழுவதும் விழுங்கப்பட்டால் உட்செல்லும் அளவு தோராயமாகப் பின்வருமாறு:

* அரிசிமணி அளவு (0.1 கிராம்): 0.1 மில்லிகிராம்
* பட்டாணி அளவு (0.25 கிராம்): 0.25 மில்லிகிராம்
* தூரிகை நிறைய (1 கிராம்): 1 மில்லிகிராம்

உணவு, நீர் உள்ளிட்ட அனைத்து வழிகளிலும் சேர்த்து, உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 0.05 மில்லிகிராம் போதுமான அளவாகக் கொள்ளப்படுகிறது. 10 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கு இது 0.5 மில்லிகிராம் ஆகும். புளோரைடு பாதியாகக் குறைக்கப்பட்ட பற்பசையையும் தூரிகை நிறைய ஒருமுறை விழுங்கினாலே இவ்வளவு சேர்ந்துவிடும். 1000 பங்குப் பற்பசையை அரிசிமணி அளவில் இருமுறை விழுங்கினால் 0.2 மில்லிகிராமே சேரும். மேலும், 1000 பங்குக்குக் குறைந்த பற்பசைகள் பற்சொத்தையைத் தடுப்பதற்கான சான்றுகள் வலுவாக இல்லை. எனவே செறிவைக் குறைப்பதைவிடப் பயன்படுத்தும் அளவைக் குறைப்பதே சிறந்த வழியாகும்.

பரிந்துரைகள்

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2014 ஆம் ஆண்டில், மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரிசிமணி அளவும், மூன்று முதல் ஆறு வயதினருக்குப் பட்டாணி அளவும் பரிந்துரைத்தது. பெரியோர் மேற்பார்வையில் பல் துலக்குதலும், துப்பப் பழக்குதலும் வலியுறுத்தப்படுகின்றன. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களைப் போன்று நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்த பகுதிகளில், குடிநீர் வழியே சேரும் அளவையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.