தவ்பாவும் கூலி பாக்கியும்: ஓசூர்த் தொழில் வட்டாரத்தை முன்வைத்து

ஓசூர் சிப்காட் பகுதியிலும் கிருஷ்ணகிரி வரையிலான நெடுஞ்சாலைப் பட்டறைகளிலும் கூலி பல இடங்களில் நிறுவனத்திடமிருந்து நேரே தொழிலாளியின் கைக்குப் போவதில்லை. நடுவில் கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஆள் சேர்க்கும் மேஸ்திரி. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் கடைசி மாதக் கணக்கு முடியாமலே ஊருக்கு ரயிலேறிவிட்டால், அந்தப் பாக்கியை யாரும் கடன் என்று எழுதி வைப்பதில்லை. அந்தக் கான்ட்ராக்டர் முஸ்லிமாக இருந்து, பிற்பாடு ஹஜ்ஜுக்கும் போய் வந்தால் பாக்கி தீர்ந்துவிடுமா?

தீராது. இதில் இஸ்லாமியச் சட்டவியலாளரிடையே பெரிய கருத்து வேற்றுமை இல்லை. பாவத்தை விடுதல், வருந்துதல், திரும்பச் செய்வதில்லை என உறுதிகொள்ளுதல் ஆகிய மூன்றையும் தவ்பாவின், அதாவது பாவத்திலிருந்து மீள்வதன், நிபந்தனைகளாகச் சொல்லும் இமாம் நவவி, மனிதருடைய உரிமை சம்பந்தப்பட்டால் அதை உரியவரிடம் சேர்ப்பதை நான்காவதாகச் சேர்க்கிறார். உயிர்த்தியாகிக்குக்கூடக் கடன் நீங்கலாகத்தான் மன்னிப்பு என்கிறது முஸ்லிம் தொகுப்பிலுள்ள நபிமொழி. வேலை வாங்கிக்கொண்டு கூலி தராதவனுக்கு மறுமையில் இறைவனே எதிர்வழக்காடுவான் என்பது புகாரி தொகுப்பில் உள்ளது. விட்டுப்போன நோன்பில் உரிமையாளனும் மன்னிப்பவனும் இறைவன் ஒருவனே. கூலியில் மன்னிக்கும் அதிகாரம் ஒடிசாக்காரரிடம் இருக்கிறது. அவர் எந்த மதத்தவர் என்பதும் இங்கே பொருட்டல்ல. நபிகள் மறைந்தபோது அவருடைய கவசம் வாற்கோதுமைக்கு ஈடாக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது; அந்தக் கடனைக் கடனல்ல என்று எவரும் வாதிட்டதில்லை.

ஜனாஸாத் தொழுகைக்கு முன், இறந்தவர் யாருக்காவது பாக்கி வைத்திருந்தால் வாரிசுகளிடம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அறிவிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் அது சஃப்பில், அதாவது தொழுகை வரிசையில், நிற்பவர் காதோடு நின்றுவிடுகிறது; கூலிக்காரர் அந்த சஃப்பில் இல்லை. இந்த அறிவிப்பு வழக்கத்தின் வேர், கடனோடு இறந்தவருக்குத் தாமே தொழுவிக்காமல் நபிகள் நின்றதும், தோழர் அபூ கதாதா அக்கடனை ஏற்ற பிறகே தொழுவித்ததுமான நிகழ்ச்சி. சொத்தில்லாமல் இறந்தவரின் கடனுக்குப் பிணை நிற்பது செல்லாது என்றார் அபூ ஹனீஃபா. அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃபும் முஹம்மதும் செல்லும் என்றார்கள். அபூ ஹனீஃபாவின் வழி நடக்கும், உருது பேசும் ஹனஃபிகள் மிகுந்த இந்த வட்டாரத்துக்கு மாணவர்களின் முடிவே பொருந்தும் என்பது என் கருத்து. கான்ட்ராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை நிறுவனம் தந்துவிட்டு அவரிடம் வசூலிக்கட்டும் என்று 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் ஏறக்குறைய இந்தத் திசையில்தான் போனது. ஒரு வேறுபாடு: அபூ கதாதா மனமுவந்து ஏற்றார், நிறுவனத்தின்மேல் சட்டம் சுமத்தியது. தொழிலாளிக்குப் பணம் வந்து சேர்ந்தால் சரி.

இனிச் சிக்கலான இடம். உரியவர் கிடைக்காவிட்டால் அவர் பெயரில் தர்மம் செய்யலாம் என்பதற்கு நபித்தோழர் இப்னு மஸ்ஊதின் செயலைச் சான்றாகக் காட்டுவர். தம்மிடம் விற்றவர் விலையை வாங்காமல் காணாமல் போனதும், இப்னு மஸ்ஊத் அவரைத் தேடினார். பிறகுதான் அத்தொகையை விற்றவர் பெயரால் ஏழைகளுக்குப் பகிர்ந்தார். ஆள் திரும்பி வந்து கேட்டால் கடன் என் தலைமேல்தான் என்றும் சொல்லி வைத்தார். தேடலும் அந்தப் பொறுப்பேற்பும் நீங்கிப்போய், தர்மம் மட்டும் நம் பேச்சில் தங்கிவிட்டது. பள்ளிவாசலுக்கு ஏர்கூலர் வாங்கிக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அக்காலத்தில் ஒருவர் கூட்டத்தில் மறைந்தால் மறைந்ததுதான். இன்று 2014 முதல் பி.எஃப். உறுப்பினருக்கு வேலை மாறினாலும் மாறாத ஒரே எண் உண்டு. கூலி போன வங்கிக் கணக்கு உண்டு. மேஸ்திரியின் செல்போனில் ஊர்க்காரர் எண்ணாவது இருக்கும். ஆகவே ‘ஆள் கிடைக்கவில்லை’ என்ற நிபந்தனை ஓசூரில் நிறைவேறுவது அரிது. அது நிறைவேறாத வரை தர்மம் கூலிக்கு ஈடாகாது.

கான்ட்ராக்டர் இறந்துவிட்டாலும் இது முடிவதில்லை. குர்ஆன் 4:11 பாகப்பிரிவினையை மரண சாசனத்துக்கும் கடனுக்கும் பிறகே வைக்கிறது. பத்தலப்பள்ளியிலோ பாகலூர் சாலையிலோ அவர் கட்டிய வீட்டைப் பிள்ளைகள் பங்கு போடும்முன், பழைய வருகைப் பதிவேடுகளைப் புரட்டிக் கொடுபடாத கூலியைக் கழிக்க வேண்டியிருக்கும்.