பழைய துவக்கா, புதுத் துவக்கா?

ரிவோல்வர் சேகரிக்கிறவர்கள் மத்தியில் ஓயாத சண்டை ஒன்று இருக்கு. நூறு வருசத்துப் பழைய அசலை வாங்குவதா, அதே வடிவத்தில் இப்போது செய்யப்படுவதை வாங்குவதா? கோல்ட் கம்பனியின் 1873ஆம் ஆண்டு ரிவோல்வரை இத்தாலியின் உபெர்ட்டி இன்றும் நகலெடுத்து விற்கிறது. 1955இல் வந்த கோல்ட் பைத்தன் இடையில் நின்றுபோய், 2020இல் மறுபடி வந்தது. பழசை விரும்புகிறவர்கள் கைவேலையைக் காட்டுவார்கள். புதுசை விரும்புகிறவர்கள், உருக்கு உறுதி, உதிரிப்பாகம் கிடைக்கும் என்பார்கள்.

அலவத்துகொடையில இருக்கிற நமக்கு இதில என்ன வேலை? துவக்கு வாங்குற யோசனை நமக்கில்லை. ஆனா இந்தக் கேள்வி கண்டிக்கும் உரியது.

1505இல் போர்த்துக்கேயர் வந்தபோது துவக்கு அவர்களுடைய பொருள். ஒரு நூற்றாண்டுக்குள் இலங்கைக் கொல்லர்கள் அதைச் செய்யப் பழகி, போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களே பாராட்டும் அளவுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் செய்தது வெறும் நகலல்ல. விசையை இடப்பக்கம் வைத்தார்கள், அடிக்கட்டையை இரண்டாகப் பிளந்து வளைத்தார்கள், வெள்ளியும் தந்தமும் பதித்தார்கள். 1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அழித்த கண்டிப் படையிடம் துவக்கும் இருந்தது. இரவல் வாங்கியது நம்முடையதானது இப்படித்தான்.

இனி லெவ்கே திசாவையின் பீரங்கிக்கு வருவோம். வெண்கலத்தில் வார்த்து, பொன், வெள்ளி, மாணிக்கம் பதித்த சிறிய பீரங்கி. சூரியன், பிறை, சிங்கம் என்று கண்டி அரசின் சின்னங்கள் அதில் இருக்கு. பொறிக்கப்பட்ட ஆண்டு 1745. அப்போது அரியணையில் இருந்தவர் முதல் நாயக்க மன்னரான ஸ்ரீ விஜய ராஜசிங்கன். 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது அது பறிபோனது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் இருந்துவிட்டு, 258 வருசம் கழித்து 2023 டிசம்பரில் திரும்பி வந்தது. இரண்டு துவக்குகளும், பொன், வெள்ளி வாள்களும், ஒரு கத்தியும் கூடவே வந்தன.

இதே அச்சில் ஒரு புதுப் பீரங்கியை ஒல்லாந்தர் செய்து தந்திருந்தால் நாம் திருப்திப்பட்டிருப்போமா? இல்லைதானே. நகலில் சிங்கம் இருக்கும், சூரியன் இருக்கும், 1765 இருக்காது. யார் கொடுத்தார், யார் பறித்தார் என்பதற்கு அசல்தான் சாட்சி.

அதுக்காக புதுசு வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. கண்டி அரசனுக்கு வேலை செய்த கைவினைஞர்கள் 'பட்டல்' எனப்படும் அரச பட்டறைகளில் இருந்தார்கள். 1815இல் இராச்சியம் ஆங்கிலேயரிடம் விழுந்ததும் அவர்களை ஆதரிக்க அரசன் இல்லை. மிச்சமிருந்த கைவினைகளை ஆனந்த குமாரசுவாமி தேடித் திரிந்து எழுதி, 1908இல் நூலாக்கினார். இல்லாவிட்டால் இன்னும் எவ்வளவோ தெரியாமலே போயிருக்கும்.

கோல்ட் பிரியர்களுக்குப் பழசா புதுசா என்று சண்டைபிடிக்க முடிகிறது. ஏனென்றால் அந்த வேலையை இன்றும் யாரோ செய்கிறார்கள். கண்டித் துவக்கு விசயத்தில் அந்தத் தெரிவே இல்லை, நூதனசாலைக் கண்ணாடிக்குள் இருக்கும் பழசு மட்டும்தான். துவக்கு திரும்பச் செய்யப்பட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. வெள்ளி பதிக்கிற, பித்தளை வார்க்கிற கைகள் கண்டியைச் சுற்றி இன்னும் இருக்கின்றன. பறிபோன பொருளை 258 வருசம் கழித்தும் கேட்டு வாங்கலாம். பறிபோன கைவேலையை யாரிடம் போய்க் கேட்பது?